ஆயில் எஞ்சினின் கரும்புகை: கிணற்றிலும் படகிலும் அதன் காரணம் அறியும் முறை

பெரம்பலூர் ஜில்லா, வேப்பந்தட்டை தாலுகாவைச் சேர்ந்த பூலாம்பாடி, பச்சைமலையை அடுத்த மானாவாரிப் பிரதேசத்து ஊராகும். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் இப்பக்கத்தின் முக்கிய விளைபொருள்கள். வருஷ முழுவதும் நீரோடும் ஆறு இங்கு இல்லாமையால் கிணறே குடியானவருக்கு ஆதாரம். அரசாங்கம் விவசாயக் கிணறுகளுக்குக் கட்டணமின்றி மின்சாரம் கொடுத்து வருகிற போதிலும், இணைப்புக்கு மனுச் செய்துவிட்டுக் காத்திருப்போரும், கிணற்றுக்குக் கிணறு வண்டியில் ஏற்றிச் சென்று நீர் இறைத்துக்கொள்வோரும் டீசல் எஞ்சினையே நம்பியிருக்கின்றனர். வெங்காயம் காய் பிடிக்குங் காலத்தில் எஞ்சின் இரண்டு நாள் நின்றால் அவ்வருஷத்து உழைப்புக்கே பங்கம் நேரும்.

இவ்வெஞ்சினும், நாகப்பட்டினம், கடலூர்க் கரையில் சிறு படகுகளைச் செலுத்தும் எஞ்சினும் ஏறக்குறைய ஒரே ஜாதி. 1897-ஆம் வருஷம் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் ஓட்டிக் காட்டிய தத்துவமே இரண்டிலும் வேலை செய்கிறது. சென்னை மாகாணத்தில் ஆயில் எஞ்சினைக் கொண்டு கிணற்று நீர் இறைக்கும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் அதிகாரி பரவச் செய்தார். படகுகளுக்கு எஞ்சின் பொருத்தும் வேலை, 1952-இல் கையெழுத்தான இந்திய-நார்வே உடன்படிக்கைக்குப் பின் கேரளக் கரையில் ஊக்கம் பெற்றது. 2004-ஆம் வருஷத்துச் சுனாமிக்குப் பின் சோழமண்டலக் கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அவற்றில் பலவற்றைத் தள்ளுவது, நீண்ட தண்டின் நுனியில் விசிறி கட்டிய ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினே. ஆகையால் படகில் புகைக்கரி படிவதற்கு மீனவர் கண்ட காரணங்கள் பூலாம்பாடிக் கிணற்று மேட்டிலும் பயன்படும். கிணற்றுக்கே உரிய அபாயம் ஒன்று தனியே உண்டு. அது பின்னர்ச் சொல்லப்படும்.

புகையின் நிறத்தை முதலில் பார்த்தல் வேண்டும். கருமை, எரிய வேண்டிய எண்ணெய் முற்றும் எரியாமல் கரியாகப் பிரிந்து வருவதைக் காட்டும். நீலம், மசகெண்ணெய் சிலிண்டருக்குள் ஏறி எரிவதன் அடையாளம். அது ரிங், லைனர் தேய்மானத்தின் குறி. வெண்மை, டீசல் எரியாமலே ஆவியாக வருவதையோ, தண்ணீர் உட்புகுந்திருப்பதையோ காட்டும். குளிர்ந்த காலையில் எஞ்சினைக் கிளப்பியவுடன் ஓரிரு நிமிஷம் வெண்புகை வருவதும், திடீரென்று சுமை ஏறும்போது ஒரு கணம் கறுத்து வருவதும் நோயல்ல. எஞ்சின் சூடேறிய பின்னும், ஒரே சீராக ஓடும்போதும் கருமை நீடித்தால்தான் கவனிக்க வேண்டும்.

குழாயின் வாயில் படிந்த கரியை விரலால் தேய்த்துப் பார்ப்பதும் நல்ல பரீட்சையாகும். எஞ்சினை நிறுத்திக் குழாய் ஆறிய பின் இதைச் செய்க. கரி உலர்ந்த தூளாய் உதிர்ந்தால் எண்ணெய் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. பளபளப்பாய்த் தார்போல் ஒட்டினால் மசகெண்ணெய் வருகிறது, அல்லது எஞ்சின் நெடுநேரம் சுமையின்றி ஓடுகிறது. வேலைக்கு மிகப் பெரிய எஞ்சினை வாங்கி, கால்வாசிச் சுமையில் பகல் முழுதும் ஓட்டுவோர் இந்தத் தாரைக் காண்பர். துறைமுகத்தில் வலை அடுக்கும் வரை எஞ்சினை மெதுவாய் ஓடவிட்டிருக்கும் படகுக்காரரும் காண்பர். சிலிண்டர் போதிய உஷ்ணம் அடையாமையே இதன் காரணம். நாஸிலை மாற்றுவதால் இது தீராது.

டீசலுக்கும் காற்றுக்குமுள்ள கணக்கு எளிது. ஒரு பங்கு டீசல் முற்றும் எரிய, எடையில் சுமார் பதினாலரைப் பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டருக்கு இது சுமார் 12 கிலோ காற்றாகும். கன அளவில் 10 கன மீட்டர், அதாவது 7 அடி நீளமும் அகலமும் உயரமும் உள்ள ஒரு சிற்றறையின் காற்று முழுவதும். காற்றும் எண்ணெயும் சிலிண்டரில் கலக்கக் கிடைக்கும் நேரமோ கண்ணிமைப்பினும் குறைவு. ஆதலால் இக்கணக்குக்கு மேலும் கணிசமான உபரிக் காற்றை எஞ்சின் இழுத்தே ஆக வேண்டும். அந்த உபரி குறைந்த இடத்தில் கரும்புகை தொடங்குகிறது. மெக்கானிக்குகள் 'ரிச்' ஓட்டம் என்று சொல்வது இந்த நிலையே. எண்ணெய் கூடினாலும் சரி, காற்றுக் குறைந்தாலும் சரி, வெளித்தோற்றம் ஒன்றே. இரண்டில் எது என்று பிரித்தறியாமல் ஸ்பானரை எடுப்பதுதான் வீண் செலவுக்கு வழி.

செலவில்லாத சோதனையை முதலில் செய்வது முறை. காற்று வடிகட்டியைக் கழற்றி, புழுதி பறக்காத வேளையில் ஒரு நிமிஷம் மட்டும் எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம். புகை தெளிந்தால் நோய் வடிகட்டியில் இருக்கிறது. மக்காச்சோளம் அடிக்குங் காலத்தில் பறக்கும் உமியும் செம்புழுதியும் ஒரு வாரத்திலேயே அதை அடைத்துவிடும். எண்ணெய்த் தொட்டியுள்ள வடிகட்டியாயின் பழைய எண்ணெயைக் கொட்டிக் கழுவி, குறித்த கோடு வரையே புதிது ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேல் ஊற்றினால் அதுவே காற்றை மறிப்பதுமன்றி உள்ளேயும் இழுக்கப்படும். வடிகட்டி அடைகிறது என்பதற்காக அதை எடுத்தெறிந்துவிட்டு ஓட்டுவது சிலர் வழக்கம். புகை நின்றுவிடும்; ஆனால் உட்சென்ற மண் லைனரை அரைத்துவிடும்.

படகில் இதே சோதனை வேறு வடிவம் பெறும். எஞ்சின் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து ஓட்டும்போது புகை குறைந்தால், பெட்டிக்குக் காற்றுத் துவாரம் போதவில்லை என்பது வெளிப்படை. அடைந்த இடத்துக் காற்று சூடேறுவதும் கேடு செய்யும். இழுக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறினால், அதே கன அளவில் அதன் எடை சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வெயிலுக்கென்று எஞ்சினைத் தகரக் கொட்டகைக்குள் நாற்புறமும் அடைத்து வைத்திருக்கும் குடியானவரும் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது சுமை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை வெறுமனே ஓட்டினால் புகை முற்றும் நின்றுவிடுகிறதா என்று பார்க்க. நின்றால் எஞ்சினைக் குறை கூறுமுன் பம்பைப் பார்க்க வேண்டும். பேரிங்கு இறுகியிருக்கலாம், பாக்கிங்கை மட்டுக்கு மீறி முடுக்கியிருக்கலாம், புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லாமல் பெல்ட் இழுபடலாம்.

இங்கே பலரும் ஏமாறும் ஓர் உண்மை இருக்கிறது. கிணற்றில் நீர் தாழ்ந்திருக்கும்போது எஞ்சினுக்குப் பாரம் அதிகமென்றும், ஐப்பசி கார்த்திகை மழையில் கிணறு நிரம்பியபின் பாரம் குறைவென்றும் நினைப்பது இயல்பு. கவலை இறைத்தவரின் அனுபவம் அதுவே. ஆனால் நம் கிணறுகளில் பொதுவாக வழங்கும் சுழல்விசைப் பம்பின் குணம் வேறு. ஏற்றும் உயரம் குறைந்தால் அது வாரித்தள்ளும் நீரின் அளவு மிகுதிப்படுகிறது. அதனோடு அது எஞ்சினிடம் கேட்கும் சக்தியும் ஏறுகிறது. கோடையில் புகையின்றி ஓடிய எஞ்சின் மழைக்குப் பின் கரும்புகை கக்குவதன் மர்மம் பெரும்பாலும் இதுதான். கேட் வால்வைச் சிறிது மூடிப் பார்த்தால் போதும். நீர் சற்றுக் குறையும், புகை தெளியும். இதை அறியாமல் அக்காலத்தில் நாஸிலும் பம்பு எலிமெண்டும் மாற்றுவோர் பலர்.

புல்லி மாற்றத்தின் விளைவும் இவ்வாறே. தண்ணீர் வேகமாய் வரட்டுமென்று எஞ்சின் புல்லியைச் சற்றுப் பெரிதாக்குவது உண்டு. பம்பு நிமிஷத்துக்கு 1,500 சுற்றிலிருந்து 1,650 சுற்றுக்கு ஏறினால் வேகம் பத்தில் ஒரு பங்கே கூடுகிறது. தேவைப்படும் சக்தியோ சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. 5 குதிரைச் சக்தி எஞ்சின் இதனைத் தாங்காது. கவர்னர் எண்ணெயை மேலும் மேலும் திறந்துவிடும். எரிக்கக் காற்று மிஞ்சியிராது.

படகின் விசிறிக்கும் அதே விதி பொருந்தும். முறுக்கு மிகுந்த பெரிய விசிறியை மாட்டினாலும், அடிப்பலகையில் சிப்பியும் பாசியும் படிந்தாலும், அறுந்த வலைக்கயிறு தண்டில் சுற்றிக்கொண்டாலும், முழுத் திறப்பில் எஞ்சின் தன் குறித்த சுற்றை எட்டாது. சுற்று எட்டாமல் புகை கறுப்பது மிகைச் சுமையின் தெளிந்த அடையாளம். சுற்றை எட்டியும் கறுத்தால் குற்றம் எஞ்சினுக்குள் இருக்கிறதென்று கொள்ளலாம்.

மூன்றாவது பார்க்க வேண்டியது புகைபோக்கி. கழிவுப் புகை தங்கு தடையின்றி வெளியேறாவிட்டால் புதுக் காற்று உட்புக இடமிராது. சைலென்ஸரினுள் பல வருஷத்துக் கரி உறைந்து துவாரம் சுருங்கியிருத்தல் சாதாரணம். தட்டினால் கட்டியான சத்தம் வரும். கழற்றிச் சுரண்டிவிட வேண்டியதே.

ஆழக் கிணற்றில் இந்த விஷயம் உயிரோடு சம்பந்தப்பட்டதாகிறது. காற்றின் அழுத்தம் நீரைத் தூக்கக்கூடிய உயரம் கணக்கில் சுமார் 10 மீட்டர். நடைமுறையில் 20, 22 அடிக்கு மேல் பம்பு உறிஞ்சுவதில்லை. நீர் அதற்குக் கீழே இறங்கியதும், கிணற்றினுள் திட்டு அமைத்துப் பம்பையும் எஞ்சினையும் சேர்த்தே இறக்கிவிடும் வழக்கம் பல ஊர்களில் இருந்து வந்திருக்கிறது. 5 குதிரைச் சக்தி எஞ்சின் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 1 லிட்டர் டீசல் குடிக்கும். மேலே சொன்ன கணக்குப்படி ஒரு சிற்றறையின் காற்றை மணிதோறும் அது விழுங்கி, அவ்விடத்தில் கழிவுப் புகையை நிரப்புகிறது. கிணற்றினுள் காற்றோட்டமோ சொற்பம். சிறிது நேரத்தில் எஞ்சின் தான் விட்ட புகையையே மீண்டும் இழுக்கத் தொடங்குகிறது. பிராணவாயு குறையவே எரிப்புக் கெட்டுப் புகை கறுக்கிறது; அதனுடன் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவும் அதிகரிக்கிறது. மேலே நன்றாக ஓடிய எஞ்சின் கீழே இறக்கியதும் கறுத்துப் புகைந்தால் குற்றம் எஞ்சினில் இல்லை. அங்கே மனிதன் சுவாசிக்கவும் காற்று இல்லை என்பதையே அப்புகை அறிவிக்கிறது.

இவ்விஷவாயுவுக்கு நிறமும் மணமும் கிடையா. ஆகையால் புகை தெளிவாக இருப்பதைக் கொண்டு கிணறு பத்திரமானதென்று எண்ணிவிடலாகாது. மண்ணெண்ணெய், பெட்ரோல் எஞ்சின்கள் புகை காட்டாமலே இதனை மிகுதியாக வெளியிடும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் பிராணவாயுக் குறைவை மட்டுமே காட்டும். உயிரைப் போக்கும் அளவுக்குக் கார்பன் மோனாக்ஸைடு இருக்கும்போதும் விளக்கு அணையாமல் எரியும். தலைவலி, மயக்கம், கால் தள்ளாடுதல் ஆகியவை கண்டவுடன் மேலேறிவிட வேண்டும். சற்றுத் தாமதித்தால் ஏறும் வலிமையே போய்விடும். கீழே ஒருவர் விழுந்துவிட்டால், பதறி உடனே இறங்கும் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து விழுவதே இத்தகைய விபத்துகளின் கொடுமை. மேலிருந்தே டீசல் வழியை அடைத்து எஞ்சினை நிறுத்த இயலுமாறு முன்னதாகவே ஒரு கம்பி அமைத்திருத்தல் நலம். ஊதுவிசிறியால் காற்றுச் செலுத்தி, தீயணைப்பு நிலையத்தாரை 101 அல்லது 112 எண்ணில் அழைக்க வேண்டும். சுவாசக் கருவி அணியாதவர் இறங்கலாகாது.

எஞ்சினைக் கிணற்றினுள் இறக்காமலிருப்பதே சரியான ஏற்பாடு. ஜெட் பம்போ, நீர்மூழ்கி மோட்டாரோ, எஞ்சினை மேலே நிறுத்தி நீண்ட தண்டால் கீழுள்ள பம்பைச் சுழற்றும் முறையோ இதற்கு உதவும். வேறு வழியின்றி இறக்கியவர் புகைக்குழாயைக் கிணற்று வாய்க்கு மேல் வரை நீட்டுகின்றனர். அப்பொழுதும் ஒரு தவறு நேர்கிறது. எஞ்சினின் வாயளவே உள்ள ஒல்லிக் குழாயை 30 அடி நீட்டி, இரண்டு மூன்று முழங்கையும் வைத்தால் புகை திரும்ப அழுத்தி, எஞ்சின் மீண்டும் கறுக்கும். நீளமும் வளைவும் கூடக் கூடக் குழாயின் விட்டமும் பெரிதாக வேண்டும். இணைப்புகளில் கசிவு இருந்தால் குழாய் இருந்தும் பயனில்லை. குழாய் நீட்டிய பிறகும் எஞ்சின் இழுக்கும் காற்று கிணற்றுக் காற்றே என்பதை மறத்தல் கூடாது. எஞ்சின் ஓடும்போது ஆள் கீழே தங்குவது எவ்விதத்திலும் தகாது. படகிலும், மூடிய அறையின் பின்னே எஞ்சின் ஓட, பின்காற்று அடிக்கும்போது புகை அறைக்குள் திரும்பும். உறங்குவோர் உள்ள படகுகளில் இது சிறிய விஷயமன்று.

டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் வரிசையில் உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-இல் சேர்த்தது. மேட்டின்மேல் ஓடும் எஞ்சினாயினும் காற்று வீசும் திசையறிந்து குழாயைத் திருப்பி வைப்பது எளிது. நாற்று நடுவோரும் களை பறிப்போரும் நாள் முழுதும் அப்புகைக்குள் நிற்க வேண்டியதில்லை.

இவ்வளவும் பார்த்த பின், சுமையில்லாமலும் கரும்புகை வருமாயின் நாஸிலைக் கழற்றுவது நியாயம். அதனை உயரழுத்தக் குழாயோடு வெளியே திருப்பி மாட்டி, பிளைவீலைக் கையால் சுற்றினால் எண்ணெய் மெல்லிய பனிபோல் விரிந்து, வெடுக்கென்ற ஓசையுடன் தெறித்து, உடனே நின்றுவிட வேண்டும். ஒரு பக்கம் கம்பியாய்ப் பீச்சினாலும், முனையில் துளி தொங்கினாலும் அது கெட்டது. பெரிய துளிகள் நடுப்பகுதி எரிவதற்குள் கரியாகிவிடுகின்றன. சோதனையின்போது அதன் எதிரே கையை வைத்தல் பேராபத்து. 200 கிலோ அளவான அழுத்தத்தில் வரும் அவ்வெண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். புறத்தே ஊசி குத்தியது போல் சிறு புள்ளியே தெரிந்தாலும் அப்பொழுதே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். திறக்கும் அழுத்தத்தைத் திட்டமாக அளக்கும் கருவி நகரத்துப் பட்டறைகளில் உண்டு. ஸ்பிரிங்கைக் கண் மதிப்பில் முடுக்குவது குருட்டு வேலையே.

எண்ணெய்ப் பம்பின் அளவுத் திருகைத் திறந்துவிட்டு 'இழுவை' கூட்டித் தருவதாகச் சொல்லும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றின் அளவு மாறாதிருக்க எண்ணெயை மட்டும் கூட்டினால் சிறிது சக்தி கூடுவது மெய். ஆனால் அதற்குமேல் ஊற்றும் எண்ணெயில் பெரும்பகுதி தாமதமாக எரிந்து, சூடாகக் குழாய் வழியே வீணாகிறது. புகையில் கண்ணுக்குத் தெரியும் கரி நஷ்டத்தில் சிறு பாகமே. காணாமற்போகும் உஷ்ணமே பெரிது. எரியாத எண்ணெய் லைனரின் மசகைக் கழுவி, அடித்தொட்டி எண்ணெயையும் நீர்க்கச் செய்கிறது. ரிங்குகள் கரியில் ஒட்டிக்கொள்கின்றன. வெளிப்போக்கு வால்வு கருகுகிறது. கோடுபோட்ட ஒரு புட்டியிலிருந்து டீசல் செலுத்தி, ஒரு மணிக்கு எவ்வளவு குறைகிறதென்று அளந்து குறித்து வைத்திருப்பவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

நாஸில் நன்றாயிருந்தும் புகை நீங்காவிடில், எண்ணெய் தெறிக்கும் நேரம் பிந்தியிருக்கலாம்; டாப்பெட் இடைவெளி தவறியிருக்கலாம்; அழுத்தம் குறைந்திருக்கலாம். அழுத்தத்தை அறிய, டீசலை அடைத்துவிட்டு, டீகம்ப்ரஷன் நெம்புகோலை விடுத்து, பிளைவீலைக் கையால் மெதுவாகத் தள்ளிப் பார்க்கலாம். நல்ல எஞ்சினில் அது உச்சியை அணுகுகையில் எதிர்த்துப் பின்னால் உதைக்கும். சுலபமாகச் சுழன்று போனால் வால்வோ ரிங்கோ காற்றை விடுகிறது. இடைவெளியும் நேரமும் ஒவ்வொரு எஞ்சினுக்கும் வேறாதலால் தயாரித்தவரின் புத்தகத்தில் உள்ள அளவே பிரமாணம்.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் சிறு பம்பு எஞ்சின்களிலும், படகின் பின்புறம் மாட்டும் வெளிப்பொருத்து மோட்டார்களிலும் கலவையைத் தீர்மானிப்பது கார்பரேட்டர். அங்கே பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதே நாடி பார்ப்பதாகும். முனை காப்பிப்பொடி நிறமாயிருந்தால் நலம். உலர்ந்த மையிருட்டுக் கரியாயிருந்தால் கலவையில் எண்ணெய் மிகுதி. வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தால் எண்ணெய் குறைந்து சூடு மிஞ்சுகிறது. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால், இரண்டு வீச்சு மோட்டாராயின் கலந்த மசகெண்ணெயின் அளவைச் சரிபார்க்க வேண்டும். மிகுதிக்குக் காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை: சோக் திறவாமல் விட்டது, மிதவையின் ஊசி தேய்ந்து எண்ணெய் வழிவது, காற்றுத் துவாரத்தில் தூசு, ஜெட்டைக் கம்பியால் குத்தித் துவாரத்தைப் பெரிதாக்கியது. எஞ்சின் சூடேறுமுன்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் அது ஆவியாகாமல் திரவமாகவே உட்சென்று பிளக்கை நனைத்துக் கரி படியச் செய்யும். பெட்ரோலைச் சிக்கனம் செய்வதற்காக அவசரப்படுவோர், இரண்டொரு நிமிஷத்துப் பெட்ரோலுக்குப் பதிலாகப் புதிய பிளக்கின் விலையைக் கொடுக்கின்றனர். அன்றைய வேலை முடித்து நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது ஓட்டி, கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தேங்காமல் செய்துவிட்டால் மறுநாட் காலையில் எஞ்சின் தடையின்றிக் கிளம்பும்.